டிரம்ஸ்: ரோஸ்வித்தா ஆப்பெல்

எங்கள் மொழியில் பேராற்றுக்கும் மின்சாரத்துக்கும்
ஸ்ட்ரோம் என்று ஒரே சொல்.
அதைத்தான் இசைத்தட்டுக்குப் பெயராக வைத்தோம்.
கிட்டாரை அதன் பெட்டியிலேயே படுக்கவைத்துவிட்டு
பதினொரு மாதம்
டீட்மாரின் அப்பாவுடைய ரிப்பன் ஆலைக் கிடங்கில்
கம்பிகளைச் செருகினோம், பிடுங்கினோம்.
ஜன்னலுக்கு வெளியே
மேலிருந்து தொங்கியபடி ரயில் போகும்.
அதன் கீழே வுப்பர் ஆறு,
சாயப்பட்டறை அன்றைக்கு என்ன நிறத்தைக் கழுவியதோ
அந்த நிறத்தில்.

டிரம்ஸ் என்னுடையது.
அதாவது, என்னுடையதாக இருந்தது.
இந்தத் தட்டில் நான் ஒருமுறைகூடக் குச்சியைத் தொடவில்லை.
கேக் டப்பா அளவில் ஒரு பெட்டி,
பதினாறு பொத்தான்.
சம்பா என்று ஒன்று, வால்ட்ஸ் என்று ஒன்று.
இரண்டையும் சேர்த்து அமுக்கினால்
பெயரில்லாத ஒரு தாளம் விழும்.
கண்டுபிடித்தவன் ஹார்ட்முட்.
நான் காப்பி போட்டேன், ஈயப் பற்றவைப்பு பழகினேன்.
உறையில் மட்டும் வழக்கம்போல என் பெயர்.
மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நானும்.

விமர்சனங்கள் ஜனவரியில் வந்தன.
ஹாம்பர்க்: 'குளிர்பதனப் பெட்டியின் சுயசரிதை.'
மியூனிக்: 'பல் மருத்துவர் வீட்டு விருந்து.'
கொலோன்காரர் தட்டைக் கேட்கவே இல்லை,
உறையை மட்டும் விமர்சித்திருந்தார்
(அதுவும் பிடிக்கவில்லை).
லண்டனிலிருந்து நான்கு வரி,
அதில் மூன்று எங்கள் தலைமுடியைப் பற்றி.
ப்ரேமனில் ஒரு பழைய ரசிகர்
தட்டை இரண்டாய் உடைத்து
சொந்தக் காசில் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தார்.

டீட்மார் எல்லாவற்றையும் சத்தமாய்ப் படித்தான்.
எக்கார்ட் ப்ரூம் எழுதியதைக் கடைசிக்கு வைத்திருந்தான்.
அவரும் கிழித்திருந்தார்,
தையல் பிரிப்பதுபோல, அவசரமில்லாமல்.
முடிவில் ஒரு வரி:
'இந்த இரும்புக் கூட்டத்தில் மூச்சுவிடுகிற ஒரே ஜீவன்
ரோஸ்வித்தாவின் கைகள்.'

சிரித்துச் சிரித்து ஹார்ட்முட்டுக்கு விக்கல்.
பெட்டிக்குக் கம்பளித் தொப்பி மாட்டி
'வாழ்த்துகள், ரோஸ்வித்தா' என்றார்கள்.
நானும் சிரித்தேன்.
ஆளில்லாத நேரம் பார்த்து
நகம் வெட்டும் கத்தரியால்
அந்த வரியை மட்டும் வெட்டியெடுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிடங்கைத் திறந்து
பெட்டியை ஓடவிட்டு
எதிரில் உட்கார்ந்தேன்.
மூன்றும் நான்கும் ஒரே வாசலில்
ஒன்றாய் நுழையப் பார்த்துத் தோள் இடிக்கும் தாளம்.
வலக்கை ஒன்றை நம்பும்,
இடக்கால் இன்னொன்றை.
பிப்ரவரியில் மணிக்கட்டு வீங்கியது.
மார்ச்சில், தூக்கத்திலும் என் குதிகால் அடிப்பதாக
உல்ரிக் சொன்னான், போர்வையைத் தன் பக்கம் இழுத்தபடி.
எதற்கு இதெல்லாம், என்றும் கேட்டான்.
தவறிவந்த பாராட்டைத் திருப்பியனுப்ப
எனக்கு வேறு முகவரி தெரியவில்லை.

மே மாதம், பார்மென், பழைய குளியல் கூடம்.
தண்ணீர் இறைத்த தொட்டிக்குள் நாற்காலி போட்டிருந்தார்கள்.
பெட்டியை வீட்டிலேயே விட்டுவரச் சொன்னேன்.
இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்,
விட்டு வந்தார்கள்.
இருபத்திரண்டு நிமிடம்,
முதல் பக்கம் முழுவதும்,
நான்.
ஏழாவது நிமிடத்தில் வியர்வை கண்ணுக்குள் இறங்கி
ஒரே ஓர் அடி
மயிரிழை தாமதமாய் விழுந்தது.
டீட்மார்கூடத் திரும்பவில்லை.
மூன்றாம் வரிசையில் ப்ரூம்,
மடியில் குறிப்பேடு, பேனா மூடி பல்லில்.

வியாழக்கிழமை வெளியானது.
'மேடையில் ரோஸ்வித்தா ஆப்பெல் வெறுமனே கையசைக்கிறார்.
திரைக்குப் பின்னால் ஓடுவது இயந்திரம்.
அதையாவது நல்லதாக வாங்கியிருக்கலாம்:
ஏழாவது நிமிடத்தில் அது பழுதாகிறது.'

ரயிலில் நின்றபடி படித்தேன்.
மூன்று முறை.
மனுஷன் கேட்டிருக்கிறார்.
இறங்கவேண்டிய நிலையம் போய்விட்டது,
அதற்கடுத்ததும்.
கீழே
ஆறு அன்றைக்கு மஞ்சள்.